குடும்பத்தோடு வா, அந்தப் பிள்ளை மட்டும் வேண்டாம்!



"இந்த நாட்டில் இனி நமக்கு என்ன இருக்கிறது? போய்விடலாம்" என்ற பேச்சு நம் வீடுகளில் புதிதல்ல. உத்தியோகத்தில் ஓரவஞ்சனை, உயர்கல்விக்கு இடமில்லை, அடையாள அட்டைக்கு அலைச்சல் என்று அதற்கான காரணங்களை இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியாகிவிட்டது. இம்முறை எழுத வந்தது, அதே வீட்டில் இருந்தும் அந்தப் பேச்சில் வராத ஒருவனைப் பற்றி. இருபத்தைந்து, முப்பது வயதாகிவிட்ட பிள்ளை. ஆட்டிசம் உள்ள பிள்ளை. அம்மா குளிப்பாட்டினால்தான் குளிப்பான், தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவான். தமிழும் கொஞ்சம் மலாயும் புரியும், பதில் சொல்ல வராது. (மகளாக இருந்தால் பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய பயங்கள் உண்டு.) அவனையும் கூட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போக முடியுமா?

ஏஜெண்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. உங்கள் வெல்டிங் சான்றிதழைப் பார்ப்பார்கள், மகளின் தாதியர் டிப்ளோமாவைப் பார்ப்பார்கள், முன்பணம் வாங்குவார்கள். ஆனால் நீங்கள் போக நினைக்கும் நாட்டின் குடிநுழைவு இலாகா இந்தப் பிள்ளையைத்தான் கூர்ந்து பார்க்கும். அதனால்தான் வீட்டை விற்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம்மவர்கள் அதிகம் பேசுகிற ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே போகிறவர் தம் பிள்ளைகளையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம். ஆனால் பிள்ளை 23 வயதைத் தாண்டிவிட்டால் ஒரு நிபந்தனை உண்டு. உடல் அல்லது மனச் செயல்பாட்டில் உள்ள குறையால் அவனால் வேலை செய்ய இயலாது, அதனால் பெற்றோரைச் சார்ந்திருக்கிறான் என்று காட்ட வேண்டும். சரி, டாக்டரிடம் கடிதம் வாங்கிக் காட்டுகிறீர்கள். முதல் கதவு திறக்கிறது. அடுத்த கதவில் மருத்துவச் சோதனை. அங்கே அதே கடிதத்தை வைத்து அவனுக்கு விலை போடுகிறார்கள்! இவனால் வேலை செய்ய இயலாது, ஆகவே இவனுக்கு அரசாங்கம் எவ்வளவு செலவழிக்க நேரும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எந்தக் காகிதம் அவனைக் குடும்பத்தில் ஒருவன் என்று சொல்லி உள்ளே விட்டதோ, அதே காகிதம் அவனைச் சுமை என்று சொல்லி வெளியே தள்ளுகிறது.

அந்தக் கணக்கின் வரம்பு 2024 ஜூலை முதல் 86,000 ஆஸ்திரேலிய டாலர். அதற்கு முன் 51,000. கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் நிரந்தர விசாவுக்கு, வாழ்நாள் முழுதும் இருக்கும் நிலைமை என்றால், பத்து ஆண்டுகள் வரையிலான செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். 86,000-ஐப் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 165 டாலர்தான் வரும். தினமும் ஒருவர் துணை வேண்டிய வயது வந்த பிள்ளைக்கு அந்த நாட்டுக் கூலியில் எத்தனை மணி நேரத் துணை இதில் கிடைக்கும்? "எங்களுக்கு அரசாங்க உதவியே வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தாலும் பொதுவாக எடுபடாது. அந்தச் சேவையை நீங்கள் வாங்குவீர்களா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அவனைப் போன்ற நிலையில் உள்ள ஒருவருக்கு அது தேவைப்படுமா என்றுதான் பார்க்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் இந்தச் சோதனையில் தவறினால் குடும்பம் முழுவதும் தவறியது. விண்ணப்பத்துக்குக் கட்டிய பணமும் திரும்பாது.

உடற்குறை உள்ளவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று ஆஸ்திரேலியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் குடிநுழைவுச் சட்டத்துக்கு அதில் விலக்கு எழுதி வைத்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு நியாயம், வாசலில் நிற்பவனுக்கு விலைச்சீட்டு.

நமக்கு இது புதிதா? நம் பாட்டன்மார்களைக் கங்காணி ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கியபோது பார்த்தது தோளையும் கையையும்தான். கப்பல் ஏற்றுமுன் ஒரு சோதனை, பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்து இன்னொரு சோதனை. நொண்டியையும் ஊமையையும் ஊரில் விட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள் பால்மரக் காட்டுக்கு வந்தன. அப்படி விடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று நம் குடும்பக் கதைகளில் யாரும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இதில் போராடி வென்றவர்களும் உண்டு. 2008-ல் விக்டோரியா மாநிலத்தின் ஹோர்ஷாம் என்ற ஊரில் வேலை பார்த்த ஜெர்மானிய டாக்டர் ஒருவரின் குடும்பத்துக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்த காரணத்தால் நிரந்தர வாசம் மறுக்கப்பட்டது. ஊரே எதிர்த்துக் குரல் கொடுத்தது, அமைச்சர் தலையிட்டு அனுமதி தந்தார். அதைத் தொடர்ந்து நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த விதிகளை விசாரித்து 2010-ல் அறிக்கையும் வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஊருக்கு அவர் டாக்டர். லாரி ஓட்டப் போகும் நம்மவருக்காக எந்த ஊர் திரண்டு வரும்? ஊரை நம்பி அல்ல, விதியைப் படித்துவிட்டுப் போக வேண்டியவர்கள் நாம். முதலாளி ஆதரவு தரும் சில விசாக்களில் மட்டும் இந்தச் செலவு விதியைத் தளர்த்தக் கோர இடமுண்டு, புள்ளிகளை வைத்துக் கிடைக்கும் விசாக்களில் பெரும்பாலும் இல்லை. இந்த வித்தியாசத்தை உங்கள் ஏஜெண்டு சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து வேலை செய்யும் ஏஜெண்டு ஆஸ்திரேலியாவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், கிள்ளானிலோ ஈப்போவிலோ யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடலாம்.

நியூசிலாந்திலும் இதே கணக்குத்தான். வரம்பை 2022-ல் 81,000 நியூசிலாந்து டாலராக உயர்த்தினார்கள். பிரிட்டனின் கதை வேறு. அங்கே வேலை விசாவில் புதிதாகப் போகிறவர் 18 வயது தாண்டிய பிள்ளையைச் சேர்க்கவே முடியாது, ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர்களுடைய முதியவர்களையும் உடற்குறை உள்ளவர்களையும் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ளப் பராமரிப்பு ஊழியர்களை அழைத்தார்கள். 2024 மார்ச்சில், அப்படி வருகிறவர்கள் குடும்பத்தையே கூட்டி வரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். பிறர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம் கை வேண்டும், அந்தக் கை பார்த்துக்கொள்ளும் நம் பிள்ளை வேண்டாம்!

கனடாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கேயும் "மிதமிஞ்சிய செலவு" என்ற விதி உண்டு. 2018-ல் அதைத் தளர்த்தினார்கள். வரம்பை மூன்று மடங்காக்கியதோடு, சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி, அன்றாடத் துணை போன்ற சேவைகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவது இவைதானே. ஆகவே விலை உயர்ந்த மருந்தோ சிகிச்சையோ இல்லாத பிள்ளைக்குக் கனடாவின் கதவு முன்பைவிட நன்றாகவே திறந்திருக்கிறது. 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் ஆதரவில் இருந்து, தன் நிலைமையால் சுயமாகப் பிழைக்க முடியாதவன் என்றால், வயது தாண்டியிருந்தாலும் அவனைச் சேர்க்கலாம். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. படிப்பு, ஆங்கிலத் தேர்வு, வயது என்று புள்ளி போடுகிற முறையில் நாற்பத்தைந்து வயது தொழிலாளிக்கு எத்தனை புள்ளி வரும்?

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. "பிள்ளையைப் பற்றி எழுதாதீர்கள். நீங்கள் முதலில் போய்ச் சேருங்கள், அவனைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவனைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகும் எண்ணத்தோடு சில குடும்பங்கள் அதற்குத் தலையாட்டவும் செய்கின்றன. வாசகர்களே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கூட வராத பிள்ளையையும் காட்ட வேண்டும், அவனுக்கும் மருத்துவச் சோதனை வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பொதுவான விதி. கனடாவில், விண்ணப்பத்தின்போது காட்டாமல் மறைத்த பிள்ளையைப் பின்னாளில் குடும்ப முறையில் அழைக்கும் உரிமையே போய்விடும். விலக்கு கிடைப்பது அரிது. பொய் சொன்னது தெரிந்தால் அங்கே ஐந்து ஆண்டுத் தடை, ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுத் தடை. ஒரு வரியை மறைத்ததற்காகத் தாயும் மகனும் ஆயுளுக்கும் இரண்டு நாடுகளில் கிடக்க நேரலாம்.

வெளிநாடு என்றதும் மெல்பர்ன், டொரோண்டோ என்று பேசுகிறோம். நம் உழைக்கும் மக்களில் பலருக்கு வெளிநாடு என்பது ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கூட்டிப்போகவே முடியாது. எஸ் பாஸ் வைத்திருந்தாலும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் மனைவி, பிள்ளைகளுக்கு அனுமதி கேட்கலாம். 21 வயதைத் தாண்டிய உடற்குறையுள்ள, திருமணமாகாத பிள்ளைக்கு நீண்டகால வருகை அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் அதே 6,000. எஸ் பாஸ் கிடைக்கத் தேவையான குறைந்த சம்பளமே 2025 செப்டம்பரில்தான் 3,300 ஆனது. அப்படியென்றால் இந்த வாசல் யாருக்கு?

ஆகவே அப்பன் விடியுமுன் மோட்டாரில் பாலம் ஏறுகிறான், இருட்டிய பிறகு திரும்புகிறான். நடுவில் அடுக்குமாடி வீட்டில் தாயும் வளர்ந்த மகனும் மட்டும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளை எங்கே சுற்றினாலும் யாராவது கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். கோயில், பால் கொட்டகை, திடல் எல்லாம் அவனுக்குத் தெரியும், அவனையும் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை விற்றபோது இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு யாரும் ஒரு காசு போடவில்லை. இன்று பதினைந்தாவது மாடியில் அவனை வைத்துக்கொண்டு அந்தத் தாய் கடைக்குக்கூட இறங்க முடிவதில்லை. இந்தக் குடும்பம் கடல் தாண்டவில்லைதான். இருந்தாலும் பாதிக் குடும்பம் புலம்பெயர்ந்துவிட்டது.

விசா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உடற்குறையாளர் காப்புத் திட்டம் தற்காலிக விசாவில் இருப்பவருக்கு இல்லை. நிரந்தர வாசம் பெற்றாலும், நிலைமை ஊரிலிருந்தே கூட வந்தது என்றால் உடற்குறை ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அதுவரை தாய்தான் தாதி, தாய்தான் காவல், தாய்தான் மொழிபெயர்ப்பாளர். பாட்டி இல்லை, அத்தை இல்லை. தினமும் ஒரே கடையில் ரொட்டி சானாய், ஒரே பாதையில் நடை, வெள்ளிக்கிழமை கோயில் மேளம் என்று அவன் நாளைக் கட்டி வைத்திருந்த கயிறுகள் எல்லாம் ஒரே இரவில் அறுந்துவிடும். ஏன் அறுந்தன என்று அவனிடம் யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது. முன்கூட்டியே அந்த ஊரின் படங்களைக் காட்டி, விமான நிலையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய்ப் பழக்கி, மெதுவாக மாற்றினால் சமாளிக்கிற பிள்ளைகளும் உண்டு. போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் போகக் கூடாது என்கிறோம்.

சரி, இவ்வளவு கதவுகள் அடைபட்டும் பெற்றோர் ஏன் தட்டுகிறார்கள்? "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற கேள்விக்கு இந்த நாடு பதில் வைக்கவில்லை. பள்ளி வயது முடிந்ததும் சிறப்புக் கல்வி வகுப்பு முடிந்துவிடும். பிறகு சமூக நல இலாகாவின் கீழ் உள்ள பிடிகே நிலையங்கள். 1984-ல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய நல்ல திட்டம்தான், ஆனால் காலையில் விட்டுவிட்டு மதியம் போய்க் கூட்டிவர வேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு அது எப்படி ஒத்துவரும்? வேலை செய்ய இயலாத ஓகேயு உதவித்தொகையை 2021 பட்ஜெட்டில் 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாக்கினார்கள். வேலை செய்பவருக்கு 450. ஆக, 300 வெள்ளிக்காக "இவனால் எதுவும் முடியாது" என்று டாக்டரிடம் எழுதி வாங்குகிறோம். நாளை விசாவுக்குப் போகும்போது அந்தக் காகிதமே எதிரில் வந்து நிற்கிறது. அவன் காரைக் கழுவுவான், தேங்காய் உரிப்பான், துணி மடிப்பான் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லையே!

2008-ல் உடற்குறையுள்ளோர் சட்டம் கொண்டுவந்தார்கள். மீறினால் தண்டனை என்று ஒரு பிரிவுகூட இல்லாமல் கொண்டுவந்தார்கள். 2010-ல் ஐக்கிய நாடுகளின் உடற்குறையுள்ளோர் உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. ஏற்கும்போதே 15-வது பிரிவும் 18-வது பிரிவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒதுக்கிவைத்தது. அந்த 18-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? உடற்குறையுள்ளவருக்கும் நடமாடும் உரிமை உண்டு, குடியுரிமை பெறும் உரிமை உண்டு, பிறந்தவுடன் பதிவு செய்யப்படும் உரிமை உண்டு என்கிறது. பிறப்புப் பத்திரத்துக்கும் நீல அட்டைக்கும் தேசியப் பதிவு இலாகாவின் படிக்கட்டில் தலைமுறையாக நிற்கிற நம் மக்களுக்கு இந்தப் பிரிவின் அருமை சொல்லியா தெரிய வேண்டும்? ஆஸ்திரேலியாவும் 2008-ல் உடன்படிக்கையை ஏற்றபோது இதே 18-வது பிரிவைத்தான் சுட்டி, எங்கள் மருத்துவ விதிகளை இது தொடாது என்று அறிவித்தது. அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் ஒரே பிரிவில் கைவைத்திருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டது நம் பிள்ளை.

ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் பொட்டலம் தூக்கிக்கொண்டு வருகிற உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அரிசி வேண்டாம் என்று சொல்லுங்கள். 18-வது பிரிவு மேல் வைத்த ஒதுக்கீட்டை நீக்க அவர் மக்களவையில் என்ன பேசினார் என்று கேளுங்கள். வயது வந்த பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு நிலையம் நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் ஏன் இல்லை என்று கேளுங்கள். சீனப் பெற்றோரும் மலாய்ப் பெற்றோரும் இதே கேள்வியோடுதான் தூங்காமல் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டில் செய்துவைக்க வேண்டியவையும் இருக்கின்றன. பிள்ளைக்கு ஓகேயு அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுங்கள், ஆட்டிசம் அதில் கற்றல் சிரமம் என்ற பிரிவில் வரும். சொக்சோ சந்தாதாரர் காலமானால் பிள்ளைகளுக்கு வரும் பங்கு பொதுவாக 21 வயதோடு நிற்கும். சுயமாகப் பிழைக்க முடியாத உடல், மன வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. இது தெரியாமல் விட்டுவிட வேண்டாம். ஊழியர் சேமநிதியை எடுத்து விமானச் சீட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாட்டை விட்டுப் போகிறேன் என்று அந்தப் பணத்தை எடுக்க மலேசியக் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். பிரிட்டன் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்பி மலேசியக் குடியுரிமையை முதலில் துறந்துவிட்டு, இரண்டும் இல்லாமல் தவித்தவர்கள் பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்த நம் நாட்டவர்களிடையே உண்டு. அடுத்த நாட்டின் குடியுரிமை கைக்கு வராமல் இந்த நாட்டு அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

சேமநிதியில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிவைத்தால், கையெழுத்துப் போடத் தெரியாதவன் அதை எப்படி எடுப்பான்? வயது வந்தவனுக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டும், செலவு பிடிக்கும். அதற்கு முன் உயில், அறக்கட்டளை பற்றி ஒரு வழக்கறிஞரிடமோ அமானா ராயாவிடமோ விசாரியுங்கள். அவனால் எது முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று விவரமாக ஓர் அறிக்கையை அரசாங்க மருத்துவமனையில் கேட்டு வாங்கி வையுங்கள். விசாவுக்கும் அது வேண்டும், இங்கேயே இருந்தாலும் வேண்டும். ஓகேயு அட்டை உள்ளவருக்குக் கடப்பிதழுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் கடப்பிதழ் எடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால், இந்த மாதமே குடிநுழைவு இலாகாவுக்கு அவனைக் கூட்டிப் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், காத்திருக்கச் சொன்னால் அட்டையைக் காட்டுங்கள்.